பன்னிரண்டு கிலோ எங்கே போயிற்று

முன்பின் தெரியாத ஒருவரிடம் மூலநோயைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று புதிய கள ஆய்வாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் உங்களில் ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தீர்கள். எனக்கும் முதல் வருடம் அந்தக் கூச்சம் இருந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் படிவக் கட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். பக்கத்து ஸீட்காரர் தலைப்பைப் படித்துவிடக் கூடாதே என்ற பயம். பேச்செடுப்பதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். அன்று நேரம் போதாமல் நான் சொல்லாமல் விட்ட விஷயம் வேறு. அதை இங்கே எழுதித் தருகிறேன். மலைக்குப் போகும் முன்பு படித்துவிடுங்கள்.

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆஸ்பத்திரிக் கள ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஆஸ்பத்திரி கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் மூலநோய் முகாம்கள் நடத்தியது. வெட்டு கிடையாது, தையல் கிடையாது. வீங்கிய மூலத்தின் அடியில் சின்ன ரப்பர் வளையம் ஒன்றை மாட்டிவிடுவார்கள். ரத்த ஓட்டம் நின்று அது சுருங்கிச் சில நாட்களில் தானாக உதிர்ந்துவிடும். வந்தவர் அன்றே வீட்டுக்குப் போகலாம். செலவும் குறைவு. ஒரே குறை, சிலருக்குத் திரும்ப வரும். லேசர், ஸ்டேப்ளர் என்று விலை கூடிய வைத்தியங்களும் பிறகு வந்தன. ஏழு வருடம் கழித்து எங்கள் தலைமை டாக்டருக்கு ஒரு கேள்வி எழுந்தது. வளையம் போட்டுக்கொண்டு போனவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்? இத்தனை வருடத்தில் இந்த நோய்க்காக அவர்கள் இழந்தது எவ்வளவு? அதைத் தெரிந்துகொண்டால்தான் எது உண்மையிலேயே மலிவான வைத்தியம் என்று சொல்ல முடியும் என்றார். அவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்பது என் வேலை.

கரியாலூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சிற்றூரில் செல்லம்மாள் என்பவரைத் தேடிப் போனேன். நாற்பத்தைந்து வயது. கூலி வேலை, கொஞ்சம் மரவள்ளிக் கொல்லை. நான் போனபோது வீட்டில் அவரும் கணவர் சடையனும் இருந்தார்கள்; மகள் வேலைக்குப் போயிருந்தாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. மூன்று மணி பஸ்ஸை விட்டால் திரும்ப வழியில்லை. அவசரமாகப் படிவத்தைப் பிரித்தேன்.

"கடந்த மூன்று நாட்களில் ரத்தப்போக்கு இருந்ததா?"

"அதெல்லாம் எப்பவோ செரியாப் போச்சுங்க" என்றார் சடையன். "அந்த ரப்பர் போட்டதுலேர்ந்து நல்லாக்கீதுங்க."

செல்லம்மாள் தலையாட்டினார்.

"மருந்துக்கோ வைத்தியத்துக்கோ செலவு?"

"ஒண்ணும் இல்லீங்க."

"இதனால வேலைக்குப் போகாம இருந்த நாள்?"

"இல்லீங்க மேடம்." இதை மட்டும் செல்லம்மாளே சொன்னார்.

எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்தேன். ஏறி நின்றார். முப்பத்து நான்கு. எழுதிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்தேனா என்று நினைத்துப் பார்க்கிறேன். எண்ணைத்தான் பார்த்தேன். நான் ஒரு பெண். "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று உள்ளே போய் அவரிடம் இரண்டு நிமிடம் தனியாகப் பேசியிருக்கலாம். பஸ் ஞாபகத்தில் பேசாமல் வந்துவிட்டேன். படிவத்தின் மேலே "பூரண குணம். செலவு ஏதுமில்லை" என்று எழுதினேன். இறங்கி வரும்போது மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் தலைமை டாக்டர் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் என் படிவமும், பக்கத்தில் ஏழு வருடம் முந்தைய முகாம் பதிவேடும் இருந்தன. இரண்டிலும் எடையை மட்டும் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். அன்று நாற்பத்தாறு, இன்று முப்பத்து நான்கு.

"இவங்க குணமாயிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"அப்போ பன்னிரண்டு கிலோ எங்கம்மா போச்சு?"

அவர் திட்டவில்லை. "இத்தனை எடை குறைஞ்சிருந்தா நான் புத்துநோயை நெனச்சுப் பயப்படணும். ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். நீங்க இன்னொரு தடவை போய் அவங்களப் பாருங்க" என்றார். கதவருகே போனதும், "போன தடவை கேட்டதையே கேட்டா அதே பதில்தான் வரும்" என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். வீட்டில் யாருமில்லை. சடையன் கரியாலூர் போயிருப்பதாகவும் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடுவார் என்றும் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். செல்லம்மாள் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தார். நான் வருவதைப் பார்த்ததும் நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் சட்டென்று களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு கண்ணை மூடினார். அது மயக்கம் வராமல் பிடித்துக்கொள்ளும் பழக்கம். பலநாள் பழக்கம் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"இன்னாத்துக்கு மேடம் மறுபடியும் வந்தீங்க? அன்னிக்கே எல்லாம் சொல்லியாச்சே."

வரப்பில் உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். படிவத்தை எடுக்காமல், அதில் இருந்த அதே கேள்வியைத்தான் முதலில் கேட்டேன். பழக்கதோஷம்.

"மூணு நாளா ரத்தம் போச்சா?"

"இல்லீங்க. சத்தியமா இல்ல."

அவர் கண்ணில் பொய் இல்லை. அவர் கையை என் கையில் எடுத்துப் பார்த்தேன். நகங்கள் வெள்ளைக் காகிதம் போல இருந்தன. எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. மனசுக்கு வந்ததைக் கேட்டேன்.

"நேத்து இன்னா சாப்ட்டீங்க?"

கொல்லையின் அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"நேத்து எனக்கு துன்ற நாளு இல்லீங்க" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். வளையம் போட்டபின் நாலு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு திரும்ப வந்தது. அந்த ஊரில் பெண்கள் கூட்டமாகக் காட்டோரம்தான் ஒதுங்குவார்கள். ஒருநாள் மண்ணில் கிடந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு யாரோ, "எவளுக்கோ கெட்ட சீக்கு" என்று பேசினார்கள். தனக்குத்தான் என்று அவர் காட்டிக்கொள்ளவில்லை. அன்றே ஒரு முடிவெடுத்தார்.

"துன்னா போவணும். போனா ரத்தம். துன்னலன்னா போவத் தேவயில்ல. ஒரு நாள் வுட்டு ஒரு நாள், அதுவும் ஒரு வேளதான். அஞ்சு நாளிக்கு ஒரு தபா போவேன், தனியா, விடியறதுக்கு முன்னாடி. அன்னிக்கு எங்கயும் கூலிக்குப் போவ மாட்டேன், வூட்டு வேலன்னு சொல்லிடுவேன். மத்த நாளு நல்லாத்தான் கீறேன்."

"எத்தன நாளா?"

"மூணு வருசம் ஆவுதுங்க."

"வீட்டுல?"

"அவருக்கு செரியாப் போச்சுன்னு சொல்லிட்டேன். அவரு பொய் சொல்லல மேடம். அவருக்குத் தெரியாது."

மூன்று வருடம் ஒரே கூரையின் கீழ், கணவனும் மகளும் அறியாமல், சமைத்து, பரிமாறி, முன்னமே சாப்பிட்டதாகச் சொல்லி, களை வெட்டி, சுமை தூக்கி, ஒரு முழு வாழ்க்கையையும் அந்த ஐந்து நாள் கணக்குக்குள் அடக்கி வைத்திருந்தார் அந்தப் பெண். எங்கள் படிவம் மூன்று நாளைப் பற்றிக் கேட்டது. அவர் கணக்கோ ஐந்து நாள். அதனால் ரத்தத்தைப் பற்றி அவர் சொன்ன "இல்லை" உண்மையான பதில்தான். அந்த உறுதியை நினைத்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. பட்டினி கிடந்தால் மலம் இறுகும், இறுகினால் ரத்தம் இன்னும் அதிகமாகப் போகும். அவர் நோயை வெல்வதாக நினைத்துச் செய்தது அத்தனையும் நோயைத்தான் வளர்த்தது. அவருக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. முகாமில் வளையம் போட்டு அனுப்பிய நாங்களும் சொல்லவில்லை.

"இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றேன்.

"அஞ்சு நாள் பொறுங்க." என்றார். "பொண்ணப் பாக்க வராங்க. வெள்ளிமலைப் பக்கத்து ஊரு, நல்ல எடம். இப்ப நான் ஆஸ்பத்திரிக்குப் போனா, அம்மாக்காரிக்கே சீக்கு, பொண்ணுக்கும் இருக்கும்னு சொல்லிடுவாங்க. அவங்க பாத்துட்டுப் போவட்டும். மறுநாளே வரேன். நீங்க யாருக்கும் சொல்லக் கூடாது மேடம். எம் மேல ஆணயா சொல்லக் கூடாது."

இந்த இடத்தில்தான் உங்கள் கவனம் வேண்டும். நம் வேலைக்கு இரண்டு விதிகள் உண்டு. கேள்வி கேட்கலாம், வைத்தியம் சொல்லக் கூடாது. கேட்டதை ஆஸ்பத்திரிக்கு வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது. இரண்டும் நல்ல விதிகள். அன்று இரண்டையும் காப்பாற்றினால் அவரைக் காப்பாற்ற முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

"இங்கயே இருங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டு வளைவுக்கு நடந்தேன். அங்கேதான் போனில் சிக்னல் கிடைக்கும். போகும் முன்பு அவர் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் நாடியை எண்ணியிருந்தேன். உட்கார்ந்திருக்கும்போதே நூற்று இருபதைத் தாண்டி ஓடியது. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அஞ்சு நாள் தாங்குமா சார்?"

"தாங்கலாம். தாங்காமலும் போகலாம். எந்த டாக்டரும் போன்ல இதுக்கு உத்தரவாதம் குடுக்க முடியாது. இன்னிக்கே வரணும்னுதான் நான் சொல்வேன்."

"அவங்க வர மாட்டேங்கறாங்க. வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லிடட்டுமா?"

"அவங்களுக்குத் தெரியாம சொன்னீங்கன்னா ஒருவேளை இன்னிக்குக் கூட்டிக்கிட்டு வந்துடலாம். அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்க அவங்க நம்மள நம்ப மாட்டாங்க. எனக்கு மருத்துவம் தெரியும். அவங்களத் தெரிஞ்சது உங்களுக்குத்தான்" என்றார். லைன் கட்டாகிவிட்டது.

வளைவிலிருந்து கொல்லைக்குத் திரும்பும் அந்தப் பத்து நிமிட நடையை நான் மறக்கவே மாட்டேன். பயமுறுத்தலாமா, கெஞ்சலாமா, சடையனை வழியிலேயே மறித்துச் சொல்லிவிடலாமா என்று மாறி மாறி யோசித்தேன். கடைசியில் ஒன்று தோன்றியது. மூன்று வருடம் இத்தனை நுட்பமாகக் கணக்குப் போட்டு வாழ்ந்த பெண்ணுக்கு அறிவுரை தேவையில்லை. அவர் கணக்கில் சேராமல் விட்டுப்போன விஷயங்களைச் சொன்னால் போதும், மீதியை அவரே போட்டுக்கொள்வார்.

அவர் எதிரே உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். பட்டினி நோயைக் கூட்டுகிறது. ரத்தம் இத்தனை குறைந்தால் இதயம் வேகமாக ஓடி ஓடிக் களைத்துவிடும். ஐந்து நாள் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். எடை குறைந்ததற்கு வேறு காரணம் இருக்கிறதா என்றும் டாக்டர் பார்த்தாக வேண்டும். "உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்" என்றேன். விதிகளில் ஒன்றை உடைத்தாயிற்று. இன்னொன்றைக் காத்து, ஒருவேளை அவர் உயிரையே பணயம் வைத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

"துன்னாதது தப்பா போச்சா?" என்று கேட்டார்.

"தப்புன்னு உங்களுக்கு யாரும் சொல்லலியே."

"பொண்ணு பாக்க வரவங்க எதிர்லயே நான் வுழுந்துட்டேன்னா?"

களைக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க. அவரு சாப்ட வர நேரம்."

சடையன் வந்து கைகால் கழுவி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்தவரை செல்லம்மாள் உட்காரச் சொன்னார். சுற்றி வளைக்காமல், கொல்லையில் எனக்குச் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னார். நான் வாசலுக்குப் போகத் திரும்பினேன். "நீங்க இருங்க மேடம்" என்று நிறுத்திவிட்டார்.

சடையன் கத்துவார் என்று நினைத்தேன். ஏன் மறைத்தாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் சோற்றுப் பானையைத் திரும்பிப் பார்த்தார். "நான் ரெண்டாந்தபா கேக்கறப்பல்லாம் சோறு இருந்துச்சே" என்றார். "அது உன்னுதா?"

செல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சடையன் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு கீழே இறங்க இருந்த மினி லாரி ஒன்றை நிறுத்திவிட்டு வந்தார். முன் ஸீட்டில் டிரைவர் பக்கத்தில் செல்லம்மாளும் நானும். பின்னால் கிழங்கு மூட்டைகள் மேல் சடையன். ஒவ்வொரு வளைவிலும் பின்கண்ணாடியைத் தட்டி, "எப்படிக் கீது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அடிவாரத்துக் கோமுகி அணை கண்ணில் பட்டபோது செல்லம்மாள் என் தோளில் சாய்ந்திருந்தார். அந்த உடம்பில் கனமே இல்லை.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் நம்பாமல் இன்னொருமுறை எடுக்கச் சொன்னார். அதே எண்தான் வந்தது. "இந்த ரத்தத்தை வெச்சுக்கிட்டு இவங்க களை வெட்டினாங்களா?" என்று என்னைக் கேட்டார். முப்பது வருடம் அறுவை சிகிச்சை செய்தவர், கட்டிலருகே கைகட்டி நின்றார். கோயில் சன்னிதியில் நிற்பவர் போல இருந்தார். ரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள். அந்த அரை மணி நேரம் சடையன் வராந்தாவில் நடந்த நடைக்கு அளவில்லை. புற்று இல்லை. திரும்ப வந்த மூலம், பட்டினி, சோகை, அவ்வளவுதான். ரத்தம் தேறியதும் மறுபடி வளையம் போடலாம் என்றார் டாக்டர். "இதுவும் திரும்ப வரலாம். வந்தா அந்த வாரமே வாங்க. மூணு வருஷம் காத்திருக்காதீங்க. முக்கியமா சாப்பிடுங்க" என்றார்.

அது திரும்ப வரத்தான் செய்தது, இரண்டு வருடம் கழித்து, லேசாக. செல்லம்மாள் அந்த வாரமே பஸ் ஏறி வந்தார். எடை நாற்பத்து நான்கு. இதைத் தோல்வி என்று எழுதுவதா, வெற்றி என்று எழுதுவதா என்று நீங்கள் யோசிக்க வேண்டி வரும். நான் வெற்றி என்று எழுதினேன். படிவத்தையும் மாற்றினோம். "கடந்த மூன்று நாட்கள்" போய், கடைசியாக எப்போது என்று வந்தது. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்வியும் சேர்ந்தது. அந்தப் படிவம்தான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. செலவுப் பத்தியில் பூஜ்யம் எழுத வேண்டி வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தை ஒருமுறை பாருங்கள்.

இனி, பெண் பார்க்க வருவதாக இருந்த அந்த நாளைப் பற்றி. மாப்பிள்ளை வீட்டுக்கு சடையன் போன் செய்து, பெண்ணின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்ன நோய் என்று கேட்டார்களாம். மறைக்காமல் சொல்லிவிட்டாராம். அந்தப் பக்கம் சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள். சம்பந்தம் போச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடையில் வேலை செய்த மகள் ரேவதி லீவு போட்டுவிட்டு அம்மாவோடு இருந்தாள். "போனாப் போவட்டும்மா, நீ கஞ்சியக் குடி" என்று அவள் சொல்வது கேட்டது. செல்லம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

அவர்கள் வருவதாக இருந்த அன்று பகல் பதினொரு மணி இருக்கும். ஐம்பது வயதுள்ள ஓர் அம்மா வார்டு வாசலில் நின்று கட்டில் கட்டிலாகப் பார்த்தார். கையில் சாத்துக்குடிப் பை. தனியாக வந்திருந்தார். சடையன் பதறி எழுந்தார். மாப்பிள்ளையின் தாயார்.

நலம் விசாரித்தார். ரத்தம் எத்தனை பாட்டில் ஏற்றினார்கள் என்று கேட்டார். பிறகு சடையனைப் பார்த்து, "அண்ணா, ஒரு டீ வாங்கிக்கினு வரீங்களா?" என்றார். அவர் போனதும் ஸ்டூலைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் எழுந்து போகப் பார்த்தேன். செல்லம்மாள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இவங்க யாரு?"

"நம்ம மேடம்தான். சொல்லுங்க."

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தார். "எனக்கும் கீது. எட்டு வருசமா. யாருக்கும் தெரியாது. எம் புள்ளைக்குக்கூடத் தெரியாது" என்றார். "உங்க வூட்டுக்காரரு போன்ல பட்டுனு சொன்னாரு பாருங்க, அன்னிக்கு ராவெல்லாம் நான் தூங்கல. இப்படியும் சொல்லலாமான்னு நெனச்சுக்கினே கெடந்தேன்."

செல்லம்மாள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"அந்த ரப்பர் போட்டா வலிக்குமா?" என்று அந்த அம்மா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லம்மாள் பதில் சொல்லிவிட்டார். "பயந்துக்கினு கெடந்த வலிக்கு அது கம்மிதான்."

அந்த அம்மா மெல்லத் தலையாட்டினார். பையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து உரிக்கத் தொடங்கினார். ரேவதி கஞ்சி டம்ளரோடு வந்து கட்டிலின் மறுபக்கம் நின்றாள். அவளை அவர் இன்னும் ஏறிட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை. சுளையைப் பிரித்துச் செல்லம்மாள் கையில் வைத்தார்.

"அப்ப டாக்டரு வந்தா எனக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க, சம்மந்தி" என்றார்.